சார்ஜண்ட் பெப்பரும் நம்மூர் ஃப்ளெக்ஸ் பேனரும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் காரமான பதிவு. பீட்டில்ஸ் பக்தர்கள், எம்.எஸ்.வி. பக்தர்கள், பண்டிகைக் கமிட்டிப் பெருந்தலைகள் – மூணு தரப்புக்கும் கோவம் வர இடம் இருக்கு. முழுசாப் படிச்சுட்டுக் கோவிச்சுக்குங்க. :-)

பீட்டில்ஸோட 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தைப் பத்தித் தமிழ்ல யார் எழுதினாலும் மூணு வகைக்குள்ளதான் வருது.

ஒண்ணு: "எல்லாம் போதையில போட்ட பாட்டுய்யா, அதுக்குப் போய் இவ்வளவு பில்டப்பா?"

ரெண்டு: "உலக மகா ஆல்பம். ஆனா அந்த சிதார் பாட்டை மட்டும் தாண்டிப் போயிடுங்க. தூக்கம் வரும்."

மூணு: "பார்த்தீங்களா, வெள்ளைக்காரனே கடைசியில நம்ம இசைகிட்டதான் வந்து நின்னான்!"

மூணு பேருமே ஆல்பத்தை ஒழுங்காக் கேக்கலைங்கறது என் கட்சி. அதுலயும் பெரிய குற்றவாளி மூணாவது ஆள். ஏன்னு வரிசையாப் பார்க்கலாம்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1966 நவம்பர்ல ஆரம்பிச்சு 1967 ஏப்ரல் வரைக்கும் லண்டன் அபே ரோட்டுல இருக்கற இ.எம்.ஐ. ஸ்டூடியோவில பதிவு செஞ்ச ஆல்பம். 1967 ஜூன் 1-ன்னு அதிகாரபூர்வ வெளியீட்டுத் தேதி போட்டாங்க, ஆனா இங்கிலாந்துக் கடைகள்ல சில நாள் முன்னாடியே வந்துடுச்சு. மேடைக் கச்சேரியே இனி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு, ஸ்டூடியோவே கதின்னு உட்கார்ந்து செஞ்சது. 'சைக்கடெலிக் பாப்'னு சொல்ற வகைக்கு இதைத்தான் எல்லாரும் முதல்ல கை காட்டுவாங்க. அந்த வருஷத்துக்கான சிறந்த ஆல்பம்னு கிராமி விருதும் வாங்கிச்சு. ஒரு ராக் ஆல்பத்துக்கு அந்த விருது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

போதைக் கட்சிக்கு

அவங்க போதைப் பொருள் எடுத்துக்கிட்டாங்களான்னா, எடுத்துக்கிட்டாங்க. அதை அவங்களே மறைச்சதில்லை. 'எ டே இன் த லைஃப்' பாட்டுல போதை வாடை அடிக்குதுன்னு பி.பி.சி. 1967 மே மாசம் அதை ஒலிபரப்ப மாட்டோம்னுச்சு. அதெல்லாம் உண்மை. ஆனா போதை ஏத்திக்கிட்டவன் எல்லாம் சார்ஜண்ட் பெப்பர் போட முடியும்னா, எங்க ஊர் டாஸ்மாக் வாசல்ல தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஆல்பம் ரிலீஸ் ஆகணும்.

வேலையைப் பாருங்கய்யா. அப்ப அவங்க கையில இருந்தது நாலு டிராக் டேப் மெஷின். இன்னிக்கு உங்க போன்ல இருக்கற இலவச ஆப்ல அதைவிட அதிகம் டிராக் இருக்கும். நாலு டிராக்கும் நிறைஞ்சா, அதைக் கலந்து இன்னொரு மெஷின்ல ஒண்ணு ரெண்டு டிராக்கா இறக்கி, மீதியில மறுபடி வாசிக்கணும். ஒரு தடவை இறக்கிட்டா அப்புறம் பிரிக்க முடியாது. அதனால வயலின் எவ்வளவு சத்தம், டிரம்ஸ் எவ்வளவு சத்தம்னு அப்பவே முடிவு பண்ணியாகணும்.

'எ டே இன் த லைஃப்'ல நடுவுல 24 பார் காலியா விட்டிருந்தாங்க. அதை நிரப்ப 1967 பிப்ரவரி 10 அன்னிக்கு நாப்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒவ்வொருத்தரும் தன் வாத்தியத்தோட அடி ஸ்வரத்துல ஆரம்பிச்சு, பக்கத்து ஆளைக் கண்டுக்காம, உச்சத்துக்கு ஏறணும். அதுக்காக ரெண்டு நாலு-டிராக் மெஷினை ஒண்ணா ஓட வைக்கற வித்தையைக் கென் டவுன்செண்ட்ங்கற இன்ஜினியர் செஞ்சு கொடுத்தார். கடைசியில வர்ற அந்த ஒற்றைப் பியானோ கார்டு நாப்பது செகண்டுக்கு மேல அடங்காம நிக்குதே, சத்தம் தேயத் தேய இன்ஜினியர்கள் மைக் அளவை ஏத்திக்கிட்டே போனதுதான் காரணம். இது போதை வேலை இல்லை. கணக்கு வேலை, கை வேலை.

இதே ஆளுங்க 1963-ல முதல் ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டை ஒரே நாள்ல பாடி முடிச்சவங்க. நாலே வருஷத்துல ஒரு ஆல்பத்துக்கு அஞ்சு மாசம் உட்கார்ந்தாங்க. முதல் கட்சி ஆளுங்களுக்கு இந்த உழைப்பு காதுல விழலைன்னா, அது ஆல்பத்தோட குத்தம் இல்லை.

தாண்டிப் போற கட்சிக்கு

ரெண்டாவது பக்கம், முதல் பாட்டு. 'விதின் யூ விதவுட் யூ.' அஞ்சு நிமிஷம் சொச்சம். ஜார்ஜ் ஹாரிசன் எழுதிப் பாடினது. மத்த மூணு பீட்டில்ஸும் இதுல வாசிக்கவே இல்லை. ரவிசங்கர் ஆல் இந்தியா ரேடியோவுக்காகச் செஞ்ச ஒரு நீளமான இசைத் துண்டுதான் தனக்குத் தூண்டுதல்னு ஹாரிசனே சொல்லியிருக்கார்.

"போரடிக்குது, கார்டே மாறலை, ஒரே இடத்துல நிக்குது" – இதுதான் குற்றச்சாட்டு. இதை அமெரிக்காக்காரன் சொன்னா மன்னிச்சுடலாம். தமிழ்நாட்டுல பிறந்து, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவன் சொல்லலாமா? எங்க தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து வெச்சா ஆர்மோனியச் சுருதி ராத்திரியில ஆரம்பிச்சு விடியக்காலம் வரைக்கும் நிக்குமே, அது எந்தக் கார்டுக்கு மாறுது? சுருதி ஒரே இடத்துல நிக்கறதால, அதுக்கு மேல பாட்டு எங்கெங்க நகருதுன்னு துல்லியமாக் கேக்குது. இது நம்ம காதுக்குப் பால் குடிச்ச நாள்ல இருந்து தெரிஞ்ச சங்கதி. நாலு இங்கிலீஷ் விமர்சனம் படிச்சதும் மறந்துடுமா?

பாட்டுக்குள்ள போய்ப் பாருங்க. ஸ்வரங்களை நம்ம கணக்குல சொன்னா ஹரிகாம்போஜி. அடியில தம்பூரா. குரல் போற வழியிலயே தில்ருபா நிழல் மாதிரி கூடவே போகுது. தில்ருபா வில் போட்டு வாசிக்கற வடநாட்டு வாத்தியம், சீக்கியர் குருத்வாராக்கள்ல கேக்கலாம். நடுவுல வாத்தியப் பகுதி வருது பாருங்க, அங்க தாளம் அஞ்சு எண்ணிக்கைக்கு மாறுது. நம்ம ஆளுங்க கண்டம்னு சொல்ற அதே அஞ்சு. தில்ருபா ஒரு கேள்வி கேட்டா சிதார் பதில் சொல்லுது. இதுக்கு நடுவுல எட்டு வயலின், மூணு செல்லோ. தில்ருபா ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கிட்டுப் போற மாதிரியே மேற்கத்திய வயலின்காரங்களையும் வழுக்க வைக்கணும்னு ஜார்ஜ் மார்ட்டின் தலையைப் பிச்சுக்கிட்டு ஸ்கோர் எழுதினார். ஒரு பாப் ஆல்பத்துல, 1967-ல.

இதைத் தாண்டிட்டு ஆல்பத்தை ரசிச்சேன்னு சொல்றது, கல்யாண வீட்டுல சாம்பாரைத் தொடாம "சாப்பாடு பிரமாதம்"னு சொல்ற மாதிரி. அப்பளம் பிரமாதம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

பெருமைக் கட்சிக்கு

இப்ப மூணாவது ஆள். "நம்ம இசைகிட்ட வந்து நின்னான்" பார்ட்டி. இவங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான்.

அந்தப் பாட்டுல தில்ருபா வாசிச்சது யாரு? தபலா யாரு?

"ரவிசங்கர்!"னு குரல் வரும். இல்லைங்க. ரவிசங்கர் இந்த ஆல்பத்துல வாசிக்கவே இல்லை. சிதார்? அது ஹாரிசனே வாசிச்சது. மத்தவங்க?

சத்தமே இல்லை, இல்லையா? நம்ம இசைன்னு நெஞ்சை நிமித்தத் தெரியுது, அதை வாசிச்ச நாலு பேர் பேர் தெரியலை.

நான் சொல்றேன். தில்ருபா: அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர். தம்பூரா: புத்ததேவ் கன்சாரா. தபலா: நட்வர் சோனி. லண்டன்ல வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள். ஏஷியன் மியூசிக் சர்க்கிள்னு ஒரு அமைப்பு மூலமா வந்தவங்க. அயனா அங்கடிங்கற கர்நாடகத்துக்காரரும், அவர் மனைவி பாட்ரீசியாவும் 1940-கள்ல லண்டன்ல தொடங்கி நடத்தினது அந்த அமைப்பு.

அந்த அமைப்புக்கும் பீட்டில்ஸுக்கும் தொடர்பு வந்ததுக்கு ஒரு சிதார்க் கம்பி காரணம். தர்மபுரி மாவட்டம் சேலத்துல இருந்து பிரிஞ்சது 1965 அக்டோபர் 2. சரியாப் பத்து நாள் கழிச்சு, அக்டோபர் 12 அன்னிக்கு, ஹாரிசன் 'நார்வீஜியன் வுட்' பாட்டுக்குச் சிதார் எடுத்தார். அந்தப் பாட்டுப் பதிவு சமயத்துல கம்பி அறுந்துபோக, கம்பிக்காக அங்கடிக்குப் போன் போட்டாங்கன்னு சொல்வாங்க. அடுத்த வருஷம் ரவிசங்கரை ஹாரிசன் சந்திச்சதும் அங்கடி வீட்டு வட்டாரத்துலதான். எங்க மாவட்டமும் பாப் இசையில சிதாரும் கிட்டத்தட்ட ஒரே வயசுன்னு எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், விடுங்க.

மேல சொன்ன நாலு பேர் எப்பப் பரவலா வெளியே தெரிஞ்சாங்க தெரியுமா? 2017-ல, ஆல்பத்துக்கு அம்பது வயசு ஆனப்ப. அதுவரைக்கும் பெரும்பாலான புத்தகத்துல "இந்திய இசைக் கலைஞர்கள்", அவ்வளவுதான். அம்பது வருஷம்ங்க.

இப்ப அந்த ஆல்பத்தோட அட்டையை எடுத்துப் பாருங்க. உலகத்துலயே அதிகம் பேர் பார்த்த அட்டைகள்ல ஒண்ணு. பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவொர்த்தும் செஞ்சது. நடுவுல நாலு பீட்டில்ஸ் கலர் கலரா பேண்டு வாத்திய யூனிஃபார்ம்ல. பின்னாடி அம்பதுக்கும் மேல தலைகள். நடிகர், எழுத்தாளர், குத்துச்சண்டை வீரர், சாமியார். ஹாரிசன் கேட்டதால மகாவதார் பாபாஜி, லாஹிரி மகாசாயர், ஸ்ரீ யுக்தேஸ்வர், பரமஹம்ச யோகானந்தர்னு நாலு இந்தியக் குருமார்கள். முன்னாடி ஒரு லட்சுமி பொம்மை. காந்தியும் இருந்தார். இந்தியாவில பிரச்சினை ஆயிடும்னு இ.எம்.ஐ. தலைவர் ஜோசப் லாக்வுட் பயந்ததால காந்தியைத் தூக்கிட்டாங்க.

இதைப் பார்த்தா உங்களுக்கு எது ஞாபகம் வருது? எனக்கு மாரியம்மன் பண்டிகை ஃப்ளெக்ஸ் பேனர்தான். அச்சு அசல் அதேதான். நடுவுல நாலு முக்கியஸ்தர், பின்னாடி சுத்தி முழுக்கத் தலைகள், ஒரு ஓரத்துல அம்மன், யார் படம் இருக்கணும் யார் படம் கூடாதுன்னு கடைசி நிமிஷப் பஞ்சாயத்து. லண்டனா இருந்தா என்ன, எங்க பாலக்கோடா இருந்தா என்ன, கமிட்டி புத்தி ஒண்ணுதான்.

சரி, பின் அட்டையில யாருக்கெல்லாம் நன்றி? அட்டை வடிவமைச்சவங்களுக்கு உண்டு. படம் எடுத்த மைக்கேல் கூப்பருக்கு உண்டு. மெழுகு பொம்மை கொடுத்த மேடம் டுஸாட்ஸ் மியூசியத்துக்கும் உண்டு. மெழுகு பொம்மைக்கு நன்றி போட இடம் இருந்துச்சு. தில்ருபா வாசிச்ச ஆளுக்கு இடம் இல்லை.

நியாயமாப் பேசணும்னா, வாசிச்ச வெள்ளைக்காரங்க பேரும் அதுல இல்லை. நாப்பது பேர் ஆர்கெஸ்ட்ராவுக்கும் இல்லை. அதனால இதை நிறவெறின்னு சுருக்கிட முடியாது. ஆனா "அந்தக் காலத்துல அப்படித்தான்"னும் தப்பிக்க முடியாது. முந்தின வருஷம் 1966-ல வந்த 'ரிவால்வர்' ஆல்பத்துல தபலா வாசிச்ச அனில் பகவத் பேரைப் பின் அட்டையில போட்டிருந்தாங்க. போடத் தெரிஞ்சவங்கதான். அடுத்த ஆல்பத்துல விட்டுட்டாங்க.

ஒரு குதிரையின் கதை

"பேர் போட்டா என்ன, போடாட்டி என்ன? பாட்டு நிக்குதுல்ல?"ன்னு கேக்கறவங்களுக்கு இதே ஆல்பத்துல பதில் இருக்கு.

முதல் பக்கத்தோட கடைசிப் பாட்டு, மிஸ்டர் கைட் பத்தினது. 1967 ஜனவரி மாசம் லென்னன் ஒரு பழம்பொருள் கடையில ஒரு பழைய சர்க்கஸ் போஸ்டர் வாங்கினார். பாப்லோ ஃபான்க்ங்கறவரோட சர்க்கஸ், ராக்டேல்ங்கற ஊர்ல 1843 பிப்ரவரியில நடந்த காட்சிக்கு அடிச்ச போஸ்டர். அதுல இருந்த பேர்களை எடுத்துத்தான் பாட்டைக் கட்டினார். கைட், ஹெண்டர்சன், பாப்லோ ஃபான்க்.

பாப்லோ ஃபான்க் ஒரு கறுப்பினத்தவர். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துல சொந்தமா சர்க்கஸ் நடத்தினவர். அவர் செத்துப் பல தலைமுறை ஆச்சு. ஆனா அவர் பேர் இன்னிக்கு உலகம் முழுக்கத் தெரியும். காரணம் என்ன? 1843-ல போஸ்டர் அடிச்சவன் கூத்தாடிகளோட பேரை ஒழுங்கா அச்சடிச்சான். அவ்வளவுதான். அந்தப் போஸ்டர்ல குதிரைக்குக்கூடப் பேர் போட்டிருக்கு – சாந்தஸ். லென்னன் பாட்டுக்காக அதை ஹென்றின்னு மாத்திக்கிட்டார், அது வேற கதை.

124 வருஷம் கழிச்சு அந்தப் பேர்கள் ஒரு பாட்டுக்குள்ள உயிரோட வந்து நின்னுச்சு. அதே ஆல்பத்துல, அடுத்த பாட்டுல, தபலாவும் தில்ருபாவும் வாசிச்சவங்க பேர் இல்லாம அம்பது வருஷம் இருந்தாங்க. 1843-ல ஒரு குதிரைக்குக் கிடைச்சது 1967-ல மனுஷனுக்குக் கிடைக்கலை. பேர் முக்கியமில்லைன்னு இப்ப சொல்லுங்க பார்ப்போம்.

நம்ம வீட்டு லட்சணம்

லண்டன்காரனை மட்டும் திட்டிட்டுப் போனா அது சுலபமான பதிவு. அதே 1960-கள்ல நாம என்ன செஞ்சோம்?

1964-ல 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை.' விஸ்வநாதன் – ராமமூர்த்தி. 1965-ல 'ஆயிரத்தில் ஒருவன்' வரைக்கும் ரெட்டையர், அப்புறம் எம்.எஸ்.வி. தனியா. 1966-ல 'அன்பே வா.' கிடார், அக்கார்டியன், பாங்கோஸ், ஷெனாய், விசில்னு என்னென்னவோ வந்து விழுது. பீட்டில்ஸ் சிதாரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே கோடம்பாக்கத்துல கிழக்கும் மேற்கும் ஒரே மைக்குக்கு முன்னாடி உட்கார்ந்தாச்சு. பெருமைப்பட வேண்டிய விஷயம் அதுதான், பெருமைக் கட்சிக்காரங்களே.

அந்த இசைத்தட்டு உறைகளைப் பாருங்க. படத்தோட பேர். ஹீரோ, ஹீரோயின் படம். பாடினவங்க, எழுதினவர், இசை. முடிஞ்சுது. கோவர்த்தனம், ஹென்றி டேனியல் மாதிரி உதவியாளர்கள் பேர் சினிமா டைட்டில்லயாவது வரும். வாசிச்சவங்க? இலங்கை வானொலியில அவ்வளவு அழகா ஒவ்வொரு பாட்டுக்கும் விவரம் சொல்லுவாங்க. அதுலயும் படம், பாடியவர், கவிஞர், இசையமைப்பாளரோட நின்னுடும்.

அக்கார்டியன் மங்களமூர்த்தி. கிடார் பிலிப்ஸ். ஷெனாய் சத்யம். புல்லாங்குழல் நஞ்சப்பா. மிமிக்ரி சதன். இந்தப் பேர்கள் இன்னிக்குத் தெரியுதுன்னா எம்.எஸ்.வி.யே பேட்டிகள்லயும் மேடைகள்லயும் வாய் விட்டுச் சொன்னதாலயும், வெறி பிடிச்ச சில ரசிகர்கள் தேடித் தேடி எழுதி வெச்சதாலயும்தான். கம்பெனி அச்சடிச்ச உறையால இல்லை. ராமமூர்த்தி 2013-ல போயிட்டார். எம்.எஸ்.வி. 2015-ல போயிட்டார். இனிமே "அந்தப் பாட்டுல அந்த இடத்துல வாசிச்சது யாருங்கய்யா?"ன்னு யார்கிட்டப் போய்க் கேப்பீங்க?

மாத்த முடியாததும் இல்லை. ஏ.ஆர்.ரஹ்மான் காலத்துக் கேசட் உறைகள்ல புல்லாங்குழல் நவீன், பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ்னு போட ஆரம்பிச்சாங்க. அதனாலதான் பள்ளிக்கூடப் பசங்களுக்குக்கூட நவீன் யார்னு தெரிஞ்சுது. பேப்பர் ஒரு மடிப்பு அதிகம் ஆச்சு, வேற என்ன நஷ்டம்? இப்ப கேசட்டும் போச்சு, சி.டி.யும் போச்சு. போன் ஆப்ல பாட்டு ஓடும்போது பாடகர், இசையமைப்பாளர் பேரைத் தாண்டிப் பார்க்கக் கிடைக்கறது அபூர்வம். இடம் இல்லைன்னு சொல்லவும் முடியாது. ஆப்ல என்ன பேப்பரா செலவாகுது?

இன்னும் கிட்ட வருவோம்

அந்த ஃப்ளெக்ஸ் பேனருக்கு மறுபடி வர்றேன். பேனர்ல பிறந்து ரெண்டு வருஷம் ஆன குழந்தைக்குக்கூடப் படமும் பேரும் உண்டு. மைக் செட் கடைக்குப் பேர் உண்டு. பந்தல்காரருக்கு உண்டு. ஃப்ளெக்ஸ் அடிச்ச கடைக்கு, செல் நம்பரோட உண்டு. ராத்திரி முழுக்கத் தோள்ல கட்டி, கை வீங்க அடிக்கற பம்பைக்காரருக்கு? "பம்பை வாத்தியம் முழங்க..." அவ்வளவுதான். கூத்துன்னா "குழுவினரின் தெருக்கூத்து." கட்டியங்காரன் யாரு, முகவீணை யாரு, மிருதங்கம் யாரு? தெரியாது.

பக்கத்துலயே சபா கச்சேரி அழைப்பிதழை வெச்சுப் பாருங்க. பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். ரேடியோவிலயும் பக்கவாத்தியக்காரங்க பேரைச் சொல்லித்தான் கச்சேரியை ஆரம்பிக்கறாங்க. ஆக, வாசிக்கறவன் பேரைச் சொல்லணும்ங்கற மரியாதை தமிழனுக்குத் தெரியாததில்லை. நல்லாத் தெரியும். யாருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்லத் தேவையில்லைன்னும் தெரிஞ்சு வெச்சிருக்கான். மிருதங்கம் வாசிச்சா "வித்வான்", பம்பையும் பறையும் அடிச்சா "கூப்பிடுறா அவனை." இதுல இருக்கற நுண்ணரசியலை நான் விளக்கணுமா? உங்களுக்கே தெரியும்.

இந்த லட்சணத்துல "1967-லயே வெள்ளைக்காரன் நம்ம வாத்தியத்தை வாசிச்சான்"னு பெருமை பேசறோம். எந்த வாத்தியம் நம்மது? தில்ருபாவைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். தெருமுனையில முழங்கற பம்பையை வாசிக்கறவர் பேர் தெரியாது.

வரப்போற எதிர்க்கேள்விகள்

"காசு வாங்கிட்டுத்தானே வாசிச்சாங்க?" ஆமா. கேமராமேனும்தான் காசு வாங்கினார், பாட்டு எழுதினவரும்தான் வாங்கினார். அவங்க பேர் போடலையா? கூலி வேலைக்குக் கொடுக்கறது. பேர் அந்த வேலையைச் செஞ்சது யாருங்கற உண்மை. ஒண்ணைக் கொடுத்துட்டா இன்னொண்ணு வேண்டாம்னு யார் சொன்னது?

"இசையமைப்பாளர் சொன்னதைத்தானே வாசிச்சாங்க, அதுல என்ன படைப்பு?" அப்படின்னா 'விதின் யூ' பாட்டுல அந்தத் தில்ருபா வழுக்கலை வேற நாலு பேரை வெச்சு வாசிச்சுப் பாருங்க. இசையமைப்பாளர் ஸ்வரத்தைச் சொல்வார். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற அந்த இழைவு வாசிக்கறவன் கையில இருக்கு. நாம உருகறது பெரும்பாலும் அந்த நடுவுலதான்.

"ஹாரிசன் நம்ம இசையைத் திருடிட்டான்னு சொல்ல வர்றியா?" இல்லவே இல்லை. அந்த மனுஷன் ஒழுங்காக் கத்துக்க வந்தவர். 1966 செப்டம்பர்ல பம்பாய்க்கு வந்து ரவிசங்கர்கிட்ட உட்கார்ந்து பாடம் கேட்டார், அப்புறம் காஷ்மீருக்கும் போனார். கடைசி வரைக்கும் ரவிசங்கரைக் குருவாத்தான் நடத்தினார். மரியாதை நிறைய இருந்த மனுஷன் ஆல்பத்துலயே இந்தப் பேர் விடுபட்டுப் போச்சுன்னா, மரியாதை மனசுல இருந்தா மட்டும் பத்தாது, அதை அச்சடிக்கணும்ங்கறதுதான் பாடம்.

ஆகவே, சக பதிவர்களே

பெருசா ஒண்ணும் கேக்கலை. மூணே விஷயம்.

பாட்டு பத்தி எழுதும்போது, வாசிச்சவர் பேர் தெரிஞ்சா அதையும் எழுதுங்க. "அந்த இண்டர்லூட்ல புல்லாங்குழல் உருக்குது"ன்னு நாலு பத்தி எழுதற நேரத்துல, ஊதினது யாருன்னு நாலு பேர்கிட்டக் கேளுங்க. கிடைச்சா நாலாவது வரியிலயே போடுங்க. உறுதியாத் தெரியலைன்னா குத்துமதிப்பா ஒரு பேரைப் போட்டுடாதீங்க. தப்பான பேர், பேரே இல்லாததைவிட மோசம்.

சென்னையில இருக்கறவங்க, உங்க தெருவுல, உங்க சொந்தத்துல, பழைய ஸ்டூடியோ வாத்தியக்காரங்க யாராவது இருந்தா போய் உட்கார்ந்து பேசுங்க. எந்தப் படம், எந்தப் பாட்டு, எந்த ஸ்டூடியோ, பக்கத்து நாற்காலியில யார். சம்மதிச்சா பதிவு பண்ணி வெச்சுக்குங்க. 1964-ல இருபது வயசுல அக்கார்டியன் பிடிச்சவருக்கு இப்ப எண்பது தாண்டியிருக்கும். இதுக்கு மேல அவசரத்தை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

ஊர்ல இருக்கறவங்க, அடுத்த பண்டிகைக்குப் பேனர் அடிக்கும்போது கமிட்டியில ஒரு வார்த்தை பேசுங்க. பம்பை இன்னார், உடுக்கை இன்னார், முகவீணை இன்னார்னு அவங்ககிட்டயே கேட்டு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. ஃப்ளெக்ஸ் சதுர அடிக் கணக்குதான், ஒரு வரி சேர்த்தா ரேட் ஏறாது. ஒரு ஒன்றியச் செயலாளர் படத்தை ரெண்டு அங்குலம் சின்னதாக்கினா இடம் தாராளமாக் கிடைக்கும். (இதைச் சொன்னதுக்காக என்னை அடிக்க வர்றவங்க வரிசையில வரவும்.)

இதையெல்லாம் செஞ்சுட்டு அப்புறமா "நம்ம இசை"ன்னு சொல்லுங்க. நானும் கூடச் சேர்ந்து சொல்றேன்.

இப்போதைக்கு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு ரெண்டாவது பக்கம் முதல் பாட்டைப் போடுங்க. தாண்டாம, முழுசா. தில்ருபா நுழையும்போது அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர். தபலா விழும்போது நட்வர் சோனி. அடியில ஓடிக்கிட்டே இருக்கே தம்பூரா, அது புத்ததேவ் கன்சாரா.

பி.கு.: தம்பூராவுல பீட்டில்ஸோட உதவியாளர் நீல் ஆஸ்பினாலும் உட்கார்ந்திருக்கார். யாரையும் விட்டுடக் கூடாதுல்ல. :-)